அப்பாவின் வியர்வை

மார்ச் 4
அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டாம் நாள். மூளையின் இடது பக்கம் அடைப்பு. வலது கை, கால் அசையவில்லை, பேச்சும் போய்விட்டது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டதால் 24 மணி நேரம் ஆஸ்பிரின்கூடக் கிடையாது. இன்று ஸ்கேனில் கசிவு இல்லை என்று பார்த்த பிறகுதான் ஆரம்பித்தார்கள்.

மார்ச் 5, காலை
நான்கு மணிக்கு அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. நெஞ்சைப் பிடிக்கவில்லை, முனகவுமில்லை. இடது கையால் விரிப்பைக் கசக்கிக்கொண்டே இருந்தார். எனக்குச் சரியாகப் படவில்லை, சிஸ்டரைக் கூப்பிட்டேன். சேர்த்த அன்று எடுத்த ஈசிஜியோடு வைத்துப் பார்த்த டாக்டர், "இது புதுசு" என்றார். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் என்ற புரதம் கூடியிருந்தது. மூன்று மணி நேரம் கழித்து இன்னும் ஏறியிருந்தது. மாரடைப்பு. பேச முடிந்திருந்தால் வலிக்கிறது என்று சொல்லியிருப்பார். இத்தனை வருடச் சர்க்கரையில் வலியே தெரியாமலும் இருந்திருக்கலாம்.

மார்ச் 5, இரவு
டாக்டர் பொறுமையாக விளக்கினார். பக்கவாதத்தில் ட்ரோபோனின் கூடினாலே மாரடைப்பு என்று ஆகாதாம். மூளையில் இன்சுலா என்ற பகுதிக்கு இதயத் துடிப்பிலும் ரத்த அழுத்தத்திலும் பங்கு உண்டு. அது பாதிக்கப்பட்டால் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் பெருகி, குழாயில் அடைப்பே இல்லாமல் இதயத் தசை அடிவாங்கும். சிலருக்கு இதயத்தின் நுனி உப்பிப்போகும். அந்த வடிவம் ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்கும் பானையைப் போல இருப்பதால் அதற்குப் பெயர் டாகோட்சுபோ. அப்பாவின் எக்கோ ஸ்கேனில் அப்படி இல்லை. ஒரே ஒரு குழாய் ரத்தம் கொடுக்கும் சுவர் மட்டும் சுருங்கவில்லை. மூளைக்கு ரத்தம் போகும் கழுத்துக் குழாயை அடைத்த அதே கொழுப்பு இங்கேயும் படிந்திருக்கிறது.

மார்ச் 6
நரம்பியல் டாக்டரும் இதய டாக்டரும் கட்டிலருகே வெகுநேரம் பேசினார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கொடுத்தால் இதயத்துக்கு நல்லது. ஆனால் மூளையில் செத்துப்போன பகுதிக்குள் ரத்தம் கசியலாம். கடைசியில் ஆஸ்பிரினும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் தொடரட்டும், ஆஞ்சியோகிராம் இன்னொரு ஸ்கேனுக்கு அப்புறம் என்று முடிவானது. ஒன்றைக் காப்பாற்றப் போய் இன்னொன்றை இழந்துவிடுவோமோ என்று நாள் முழுக்க எனக்குப் பயம்.

மார்ச் 7
ஒரு தாளில் மனித உருவம் வரைந்து நீட்டினேன். அப்பா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு நெஞ்சில் விரலை வைத்தார். இப்போது வலிக்கிறதா, அன்று வலித்ததா, புரியவில்லை. உடனே ஈசிஜி எடுத்தார்கள், புதிய மாற்றம் இல்லை. அந்தத் தாளைத் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறேன். இரவு டியூட்டி சிஸ்டரிடமும் காட்டிவிட்டேன்.