எடை பார்க்கும்போதே தோற்றுப்போன ஹெவிவெயிட்டுகள்

தூரத்தில் நின்று அப்பர்கட் போடக் கூடாது. குத்துச்சண்டை கற்க வரும் பையனுக்கு ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுப்பது இது. அப்பர்கட் கீழிருந்து மேலே போகும் குத்து. அதற்காகக் கை இறங்கும் அந்த நொடியில் தாடை திறந்துகிடக்கும். நெஞ்சோடு நெஞ்சாக நிற்கும்போது ஆபத்து குறைவு, எதிராளிக்குக் கையை நீட்ட இடம் இருக்காது. 1990 அக்டோபர் 25 அன்று, லாஸ் வேகாஸில், உலக ஹெவிவெயிட் சாம்பியன் பஸ்டர் டக்ளஸ் மூன்றாவது ரவுண்டில் இந்தத் தப்பைத்தான் செய்தார். எதிரே நின்ற இவாண்டர் ஹோலிஃபீல்ட் சற்றே பின்னால் சாய்ந்து அதைக் காற்றில் போகவிட்டு, நேரான வலது கைக் குத்தை இறக்கினார். டக்ளஸ் எழவில்லை.

தெரியாமல் செய்த தப்பு என்று சொல்ல முடியாது. அதே வருடம் பிப்ரவரி 11 அன்று டோக்கியோவில் மைக் டைசனை வீழ்த்திய வரிசையின் முதல் குத்தும் வலது கை அப்பர்கட்தான். அங்கே ஜாப், அதாவது முன்கையால் நேராக நீட்டும் குத்து, போட்டுத் தூரத்தை அளந்து, கால் எடுத்து வைத்து உள்ளே போன பிறகு அதை வீசினார். டைசனின் தலை மேலே எகிறியது. பின்னாலேயே நான்கு குத்துகள். அந்த இரவு முழுக்க அப்படித்தான் சண்டை போட்டார்: ஜாப், ஜாப், வலது, டைசன் உள்ளே வந்தால் கையைக் கட்டிப் பிடித்தல், விட்டவுடன் பக்கவாட்டில் நகர்தல். எட்டாவது ரவுண்டில் கீழே விழுந்தும் எழுந்து வந்தார். தாய் இறந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. டக்ளஸ் ஜெயிக்க வாய்ப்பு 42-க்கு 1தான் என்று பந்தயம் கட்டியவர்கள் பார்த்த டக்ளஸ் வேறு, ரிங்கில் நின்ற டக்ளஸ் வேறு.

டோக்கியோவில் அவர் எடை 231½ பவுண்டு. ஹோலிஃபீல்டுக்கு எதிரே 246.

பதினான்கரை பவுண்டு கூடினால் குத்தின் பலம் குறைந்துவிடாது. கெடுவது கால். கால் சோர்ந்தால் உள்ளே போகும் அந்த அரை அடி குறையும், கை அதை ஈடுகட்டப் பார்க்கும். தூரத்திலிருந்து அப்பர்கட் வருவது இப்படித்தான். ஜாப் போட்ட கை தாடைக்குத் திரும்பாமல் தாழ்வாக வருவதும், குத்தி முடித்த இடத்திலேயே ஆள் நின்றுவிடுவதும் இதே கணக்குதான். பயிற்சி முகாம் பொதுவாக எட்டு வாரம் ஓடும். முப்பது நாற்பது பவுண்டு அதிகமாக வந்து சேர்பவருக்கு அதில் பாதி, எடை குறைப்பதிலேயே போய்விடும். எதிராளிக்கு ஏற்ற திட்டத்தை ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், பழக நேரம் எங்கே?

எடையை ஏறவிட்டுத் திறமையை வீணடிப்பது ஹெவிவெயிட்டில் இவ்வளவு அதிகமாக நடப்பதற்கு நேரடியான காரணம் ஒன்று உண்டு என்பது என் கருத்து. மற்ற பிரிவுகளில் எடைக்கு உச்சவரம்பு இருக்கிறது. ஒரு பவுண்டு கூடினாலும் சாம்பியன் பட்டம் எடை பார்க்கும்போதே பறிபோகும். ஹெவிவெயிட்டில் அந்த வரம்பே கிடையாது. எவ்வளவு காட்டினாலும் எழுதிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.

என்னை அதிகம் வருத்துபவர் ரிடிக் போவ். ஆறடி ஐந்து அங்குல உயரம். அந்த உயரத்தில் நெருங்கி நின்று குட்டையான ஹூக்கும் (பக்கவாட்டில் வளைத்துப் போடும் குத்து) அப்பர்கட்டும் போடத் தெரிந்தவர்கள் அபூர்வம். எடி ஃபட்ச் என்ற மகத்தான பயிற்சியாளர் உடன் இருந்தார். 1992 நவம்பர் 13 அன்று ஹோலிஃபீல்டை வென்றபோது எடை 235. அந்தச் சண்டையின் பத்தாவது ரவுண்டைப் பார்க்காதவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். அடுத்து வந்த இரண்டு பட்டக் காப்புச் சண்டைகள் மைக்கேல் டோக்ஸ், ஜெஸ்ஸி ஃபெர்குசன் ஆகியோருடன். இரண்டையும் கூட்டினால் ஆறு நிமிடம்கூட வராது. என்னைக் கேட்டால், அவரைக் கெடுத்தது இந்தச் சுலபமான வெற்றிகள்தான். உடம்பை இறக்க வேண்டிய கட்டாயமே அவருக்கு வரவில்லை. 1993 நவம்பர் 6 அன்று, ஹோலிஃபீல்டுடனான மறு சண்டையில், 246 பவுண்டோடு வந்து புள்ளிகளில் தோற்றார். அவர் வாழ்க்கையின் ஒரே தோல்வி அது.

1996 ஜூலையில் ஆண்ட்ரூ கொலோட்டாவுக்கு எதிரே 252. டிசம்பரில் மறுபடி 235-க்கு இறக்கிவிட்டார். எண் பழையது, ஆள் பழைய ஆள் இல்லை. ஐந்து மாதத்தில் பதினேழு பவுண்டை உதறியவரின் காலில் தெம்பில்லை. தலையை அசைக்காமல் குத்துகளை வாங்கிக்கொண்டே இருந்தார். இரண்டு சண்டையிலும் கொலோட்டா இடுப்புக்குக் கீழே அடித்துத் தகுதி நீக்கமானதால்தான் போவ் ‘வென்றார்’. பேட்டியில் பேச்சு குழறியது. அப்போது அவருக்கு வயது 29.

இதே போல வீணான எண்பதுகளின் கூட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரெக் பேஜ், டோனி டப்ஸ், டிம் விதர்ஸ்பூன் மூவரிடமும் டபிள்யூபிஏ (உலகக் குத்துச்சண்டைச் சங்கம்) பட்டம் 1984 டிசம்பர் முதல் 1986 டிசம்பர் வரை கைமாறியது. மூவரும் சேர்ந்து அதைக் காத்தது ஒரே ஒரு முறை, லண்டனில் ஃபிராங்க் புரூனோவுக்கு எதிராக விதர்ஸ்பூன். பழியை இவர்கள் தலையில் மட்டும் கட்ட மாட்டேன். அந்தச் சண்டைக்கு விதர்ஸ்பூன் கைக்கு வந்தது சுமார் 90,000 டாலர். அவர் பின்னாளில் சண்டைகளை ஏற்பாடு செய்த டான் கிங் மீது வழக்குப் போட்டார். உழைப்பின் பலன் இன்னொருவர் பைக்குப் போகிறது என்று தெரிந்தவன் அதிகாலையில் எழுந்து ஓடுவானா?

புதிய உதாரணம் வேண்டுமென்றால் ஆண்டி ரூயிஸ். 2019 ஜூன் 1 அன்று ஆந்தனி ஜோஷுவாவை ஏழாவது ரவுண்டில் நிறுத்தியபோது 268 பவுண்டு. டிசம்பர் மறு சண்டைக்கு 283¾. ஜோஷுவா நேர்மாறாகப் பத்து பவுண்டு இறக்கி, ஜாப் போட்டு வட்டமடித்தார். ரூயிஸின் கைவேகம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அவர் போய்ச் சேரும்போதெல்லாம் ஜோஷுவா அங்கே இல்லை. பன்னிரண்டு ரவுண்டும் அப்படியே ஓடி, நடுவர்களின் புள்ளிகள் 118-110, 118-110, 119-109 என்று ஜோஷுவாவின் வெற்றியில் முடிந்தது.