மறதியும் எம்.ஆர்.ஐ. ஸ்கானும்

வெள்ளவத்தையில ஆரைக் கண்டாலும் ஒரே கேள்விதான்: "அம்மாவுக்கு மறதி கூடிப்போச்சு, எம்.ஆர்.ஐ. எடுத்தாத் தெரிஞ்சிடும்தானே?"

பாதிதான் தெரியும். மறதி வருத்தமான அல்சைமரில வழமையா முதலே சுருங்கத் தொடங்குறதில ஒண்டு ஹிப்போகாம்பஸ், புதுசா நடக்கிறதை நினைவில பதியிற பகுதி. அது சுருங்கச் சுருங்க, படத்தில அதைச் சுத்தியுள்ள கறுப்பு நீர் இடைவெளி அகலும். டொக்டர்மார் அதுக்கு 0 முதல் 4 வரை புள்ளி போடுவினம். ஆனா 75 வயசு தாண்டின நல்ல சுகமான ஆக்களுக்கும் ஓரளவு சுருக்கம் இருக்கும். கை கால் நடுங்கிற பார்க்கின்சன் வருத்தத்தில சாதாரண ஸ்கான் பெரும்பாலும் நோர்மலாத்தான் வரும்.

எங்கட பெரியம்மாவின்ர ரிப்போர்ட்டில "அட்ரோபி", அதாவது மூளைச் சுருக்கம், எண்டு கண்டதும் குடும்ப வாட்ஸ்அப் குறூப்பே செத்தவீடு மாதிரி ஆச்சு. நரம்பியல் டொக்டரோ படத்தை ஓரமா வச்சிட்டு, ஒரு மணிக்கூடு கீறச் சொன்னார். பெரியம்மா பன்னிரண்டு இலக்கத்தையும் வலப்பக்கத்திலேயே அடைச்சுவிட்டா. அவருக்கு ஸ்கானை விட அது கனக்கச் சொல்லிச்சுது.

அப்ப ஸ்கான் ஏன்? என்னைக் கேட்டா, மாத்தக்கூடிய வருத்தங்களைப் பிடிக்கத்தான். எப்பவோ விழுந்ததில மெல்ல மெல்லக் கசிஞ்ச ரத்தம், கட்டி, மூளைக்குள்ள நீர் தேங்கிறது. நடை தடுமாறி, சலம் அடக்க ஏலாமல், மறதியும் சேர்ந்து வந்தா இந்த நீர்த்தேக்கத்தைக் கட்டாயம் யோசிக்கவேணும். குழாய் வச்சு வடிச்சாக் கனபேர் தேறுவினம்.

பேஸ்மேக்கர் இருந்தா புக் பண்ணேக்கையே சொல்லுங்கோ. ஸ்கான் மெஷின்ர சத்தம் காதைப் பிளக்கும், காதடைப்பான் கேட்டு வாங்குங்கோ.