கிடங்கின் தரை

மூடிக்கிடந்த அரிசி ஆலையின் கிடங்கில்தான் எங்கள் பரதநாட்டியப் பள்ளி நடக்கிறது. கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். கட்டணம் கிடையாது. தை அறுவடை முடிந்ததும் சில வீடுகளிலிருந்து ஆளுக்கொரு மூட்டை நெல் வரும்; அதுவும் என் சம்பளத்தில் சேர்த்தி.

ஆறு வருடமாகப் பெற்றோருடன் ஒரே வழக்கு. அவர்களுக்குத் தில்லானா வேண்டும், அதுவும் சித்திரைத் திருவிழாவுக்குள். முதல் உருப்படியான அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடிகிற வரிசையை, அந்தக் கால நாட்டிய ஆசான்களான தஞ்சை நால்வர் சும்மாவா வகுத்தார்கள் என்று சொல்லிப் பார்ப்பேன். "பிள்ளை ஒரு வருடமாகத் தரையைத்தானே உதைக்கிறாள்" என்பார் ஓர் அப்பா. உதைக்கத்தான் வேண்டும்.

ஆனால் எந்தத் தரையை என்று நான் யோசித்ததில்லை. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பாதத்தால் தரையைத் தட்டி ஆடும் தட்டடவில், வேகமான மூன்றாம் காலம் வந்தால் மட்டும் பாதத்தைப் பூப்போல வைத்து ஏமாற்றுவாள். "முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது டீச்சர்." சாக்கு என்று நினைத்து, தாளம் போடும் தட்டுக்கழியை இன்னும் ஓங்கித் தட்டினேன்.

ஒருநாள் அந்தக் கழி விண்டுவிட்டது. வேறு வழியில்லாமல் எழுந்து, 'தெய்யா தெய்' என்று வாயால் சொல்லிக்கொண்டே பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் ஆடினேன். மறுநாள் காலையில் படுக்கையிலிருந்து காலை ஊன்ற முடியவில்லை. முன்னெலும்பு விண்விண்ணென்று தெறித்தது. நெல் மூட்டை அடுக்கப் போட்ட சிமெண்ட் தளம் அது. ஆறு வருடமும் நான் அதன்மேல் பாய் விரித்து உட்கார்ந்திருந்தேன்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், அவள்தான் கூச்சப்பட்டாள். பந்தல்காரரிடம் கெஞ்சி, பழைய மேடைப் பலகைகளை வாங்கிப் பரப்பினோம். ஒரு பலகை இன்னமும் ஆடுகிறது, தாளத்துக்கு ஒத்துவராமல்.

சென்ற கோடை விடுமுறையில் எல்லோரையும் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அழைத்துப்போனேன். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்கள் நானூறு பேருக்கு ராஜராஜன் ஆளுக்கொரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் கொடுத்த செய்தி கல்வெட்டில் இருப்பதைச் சொன்னேன். நூறு கலம் எத்தனை மூட்டை என்று பையன்கள் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். அவள் மட்டும் குனிந்து, கருங்கல் தளத்தைக் குதிகாலால் மெல்லத் தட்டிப் பார்த்தாள்.

"கொடுக்க வேண்டியதுதான் டீச்சர்" என்றாள்.