வெளியூர் ஆட்டங்களுக்கு நடுவே பந்திங்

நான் வியாசர்பாடியில் வளர்ந்தவன். அங்கே கிரிக்கெட்டைவிடக் காற்பந்து பெரிது. இயன்முறை மருத்துவம் படித்து, சென்னையில் சில அணிகளோடு வேலை பார்த்து, பிறகு மலேசியாவில் ஒரு தொழில்முறை காற்பந்து அணிக்குப் பிசியோவாக வந்தேன். இன்னும் அங்கேயேதான் வேலை, அதனால் அணியின் பெயரை எழுதவில்லை. இந்த வேலைக்கு வர விரும்பும் தம்பிகள் என்னிடம் கேட்பதெல்லாம் சம்பளத்தையும் விசாவையும் பற்றித்தான். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இல்லாதவன் புது நாட்டில் எப்படிக் குடும்பம் நடத்துவது என்று ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது.

அணியின் பயிற்சித் திடல் கோலாலம்பூர் பக்கம். உடன் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் ஷா ஆலம், பெட்டாலிங் ஜெயா அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். நான் பந்திங்கில் வீடு எடுத்தேன். சிலாங்கூர் மாநிலத்தின் தெற்கே, கோல லங்காட் மாவட்டத்தில், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்கள் சூழ்ந்த ஊர். வாடகை குறைவு, விமான நிலையம் பக்கம். தோட்டத்துத் தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் இடம் என்பதால் நான் இல்லாத நாட்களில் மனைவியும் மகளும் தனியாகத் தவிக்க வேண்டாம் என்ற எண்ணமும் இருந்தது. மலேசியர்களுக்குப் பந்திங் என்றதும் பேட்மிண்டன்தான் நினைவுக்கு வரும். சீடேக் சகோதரர்களின் ஊர் இது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ராசிஃப், ஜலானி சீடேக் இருவரும் இரட்டையர் பிரிவில் வாங்கிய வெண்கலம்தான் மலேசியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம். விளையாட்டுத் துறையில் இருப்பவன் என்று சொன்னபோது வீட்டு உரிமையாளர் முகம் மலர்ந்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

வெளியூர் ஆட்டம் என்றால் தொலைக்காட்சியில் தெரிவது தொண்ணூறு நிமிடம். எங்களுக்கு அது இரண்டு மூன்று நாள் வேலை. அணியின் உடை, சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் கிட்மேனும் நானும் எல்லோருக்கும் முன்னால் கிளம்பி, கடைசியாக வீடு திரும்புகிறவர்கள். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் இரண்டு ஜெர்சியாவது எடுக்க வேண்டும், ஏனென்றால் இடைவேளைக்குள் முதல் ஜெர்சி பிழியப் பிழிய நனைந்துவிடும். டேப் சுருள்கள், மடக்கும் மசாஜ் மேசை, ஐஸ் பெட்டி, இதய அதிர்வுக் கருவி எல்லாம் என் பொறுப்பு. விமானம் என்றால் கத்தரிக்கோல் கீழே போகும் பெட்டியில், உபரி பேட்டரிகள் கைப்பையில். இதைச் சரியாகப் பிரித்து வைக்காவிட்டால் விமான நிலையத்தில் மொத்த அணியும் காத்து நிற்கும்.

தீபகற்பத்துக்குள் என்றால் பெரும்பாலும் பேருந்துதான். வடக்கே அலோர்ஸ்டார், தெற்கே ஜொகூர் பாரு, மேடு ஏறி இறங்கிக் கிழக்குக் கரைக்குப் போனால் திரெங்கானு. நீண்ட நேரம் மடங்கி உட்கார்ந்தால் தொடையின் பின்தசை இறுகும். காற்பந்தில் அதிகம் கிழியும் தசை அதுதான். அதனால் நெடுஞ்சாலை ஓய்விடங்களில் வண்டியை நிறுத்தச் சொல்லி எல்லோரையும் நடக்க வைப்பேன். தொழுகை நேரத்துக்கும் வண்டி நிற்கும், இரண்டையும் சேர்த்துத் திட்டமிட்டுக்கொள்ளலாம். ஓட்டுநர் அண்ணனோடு முதலிலேயே பேசி வைத்துவிட வேண்டும். இந்த வேலையில் எனக்குப் பயிற்றுநரைவிட அதிகம் உதவியவர் அவர்தான் என்று தயங்காமல் சொல்வேன்.

வெக்கையைப் பற்றிச் சென்னைக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம் என்று நினைப்பீர்கள். ஆனால் இங்கே இரவு ஒன்பது மணிக்கும் காற்றில் ஈரம் குறையாது, வியர்வை உலராது. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்போம். இரண்டு கிலோ குறைந்து வருகிறவர்கள் உண்டு. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீர், கூடவே உப்பு. ஹன்ட்ரட் பிளஸ் என்ற உப்புச்சத்து பானத்தின் டப்பாக்களை ஐஸில் புதைத்து வைத்திருப்போம். நோன்பு மாதத்தில் இந்தக் கணக்கு முழுவதும் மாறும். ஆட்டங்கள் இரவு பத்து மணிக்குத் தொடங்கும். நோன்பு திறந்ததும் மூன்று பேரீச்சம்பழம், கொஞ்சம் தண்ணீர், அப்புறம் சிறு சிறு இடைவெளியில் மீண்டும் தண்ணீர், விடியற்காலை உணவு வரைக்கும் அப்படியே. ஒருமுறை நெடுஞ்சாலையிலேயே நோன்பு திறக்கும் நேரம் வந்தது. வண்டிக்குள் விளக்கைப் போட்டு, பழப்பெட்டியை முதல் இருக்கையிலிருந்து கடைசி இருக்கை வரை கைமாற்றினார்கள். நோன்பு வைக்காத நானும் அணியின் பிரேசில் ஆட்டக்காரரும் பாங்கு சொல்லும் வரை தொடாமல் இருந்தோம். யாரும் எங்களை அப்படி இருக்கச் சொல்லவில்லை.

கடலுக்கு அப்பால் போர்னியோ தீவில் இருக்கும் சபா, சரவாக் மாநிலங்களுக்கு விமானம்தான். சபாவின் தலைநகர் கோத்தா கினபாலு போக இரண்டரை மணி நேரம் ஆகும். உள்நாட்டுப் பயணம்தானே என்று பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டு வர முடியாது. 1963இல் மலேசியா உருவானபோது செய்த ஏற்பாட்டின்படி குடிநுழைவு அதிகாரம் அந்த மாநிலங்களிடம் இருக்கிறது. தீபகற்பத்து மலேசியர்களே அடையாள அட்டையைக் காட்டித்தான் நுழைகிறார்கள், எங்களுக்குத் தனி முத்திரை. அந்த வரிசையில் நானும் இறக்குமதி ஆட்டக்காரர்களும் மட்டும் நிற்போம். ஆளுக்கு ஒரு நாடு, ஆளுக்கு ஒரு மொழி, எல்லோருக்கும் தெரிந்தது பாதி மலாய். வீட்டில் குழந்தை எப்படி இருக்கிறது என்று அங்கேதான் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். இறங்கியதும் இன்னொரு விஷயம். கடிகாரம் அதே நேரம்தான், ஆனால் சூரியன் முந்திக்கொள்ளும். பந்திங்கில் ஏழு மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும், அங்கே ஆறரை மணிவாக்கில் இருட்டிவிடும். மாலைப் பயிற்சியை அதற்கேற்ப முன்னால் தள்ள வேண்டும்.

இப்படி நான் நாட்டைச் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் மனைவியும் மகளும் பந்திங்காரர்கள் ஆகிவிட்டார்கள். மகள் தாடிகா என்னும் மழலையர் பள்ளியில் சேர்ந்து, என்னைவிட நல்ல மலாய் பேச ஆரம்பித்தாள். மனைவி வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய், அங்கே பழகிய பெண்களோடு இரவுச் சந்தைக்குப் போய், எந்தக் கடையில் மீன் நன்றாக இருக்கும் என்பது வரை தெரிந்துகொண்டாள். தெருவில் என்னைப் பார்த்தால் 'அக்கா வீட்டுக்காரர்' என்பார்கள். எந்த விளையாட்டரங்கில் ஐஸ் கிடைக்கும், எந்த உடைமாற்றும் அறையில் மின்விசிறி ஓடாது என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் எத்தனை பேர் என்று தெரியாது. அந்த நிலை எனக்கு வலித்தது. இந்த வேலைக்கு வருகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். குடும்பம் ஊரோடு சேர்ந்துவிடும், நாம் தனியாக முயன்று சேர வேண்டும்.

எனக்கு முதலில் கை கொடுத்தவர் எதிர்வீட்டுப் பாட்டி. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். மரங்களை அழித்துச் செம்பனை நட்ட பிறகும் ஓய்வு பெறும்வரை வேலை செய்தவர். அந்தக் காலத்தில் விடியுமுன் எல்லோரும் கூடி நிற்க, பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார்களாம். அதுதான் பெரட்டு. நான் இருட்டோடு இருட்டாகப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போதெல்லாம் அவர் வாசலில் உட்கார்ந்திருப்பார்.

"என்ன தம்பி, பெரட்டுக்குக் கெளம்பிட்டியா?"

"ஆமாம் பாட்டி, சரவாக்குக்கு, கூச்சிங் போறோம்."

"போ, போ. பிள்ளைய நான் பாத்துக்கறேன்."

சொன்னபடியே பார்த்துக்கொண்டார். மகளுக்குக் காய்ச்சல் வந்த இரவு நான் திரெங்கானுவில் இருந்தேன். கிளினிக்குக்கு மனைவியோடு போனவர் அவர்தான்.

ஒரு பருவத்தில் சம்பளம் தாமதமானது. மலேசியக் காற்பந்தைப் பின்தொடர்கிறவர்களுக்கு இது புதிதல்ல. சம்பள பாக்கியால் புள்ளிகளை இழந்த அணிகளும் உரிமத்தை இழந்த அணிகளும் இருக்கின்றன. ஆட்டக்காரர்களின் பாக்கி செய்தியில் வரும், பிசியோவுக்கும் கிட்மேனுக்கும் வர வேண்டியது வராது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் சில மாதச் செலவுக்கான பணத்தைக் கையில் வைத்திருங்கள் என்று தம்பிகளுக்குச் சொல்வது இதனால்தான். அப்போது எங்களைக் காப்பாற்றியது மளிகைக்கடை அண்ணனின் கணக்குப் புத்தகம். தோட்டத்து ஆட்களுக்குச் சம்பள நாள்வரை சாமான் கொடுத்துப் பழகிய குடும்பம். "காசு வரும்போது வரட்டும் லா, பிள்ளைக்குப் பால்மாவு எடுத்துட்டுப் போம்மா" என்று மனைவியிடம் சொன்னாராம். பாக்கி வந்ததும் முதலில் கட்டியது அந்தக் கணக்கைத்தான்.

அந்தக் கடைக்குப் பக்கத்தில் ஓர் ஒட்டுக்கடை, சாலையோரத் தேநீர்க்கடை. காலையில் தே தாரேக் (ஆற்றிய பால் தேநீர்) குடிக்க ஓய்வுபெற்ற தோட்டத்து ஐயாக்கள் கூடுவார்கள். நான் எந்த வேலையில் இருக்கிறேன் என்று தெரிந்ததும் எனக்கு ஒரு நாற்காலி நிரந்தரமாகிவிட்டது. ஆறுமுகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது. ஸ்பைடர்மேன் என்று நாடே கூப்பிட்ட சிலாங்கூர் கோல்காவலர். 1980இல் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றபோது கோல்கம்பத்தில் நின்றவர். சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது, அவருக்குப் போகக் கிடைக்கவில்லை. 1988இல் கார் விபத்தில் இறந்துபோனார். அதைச் சொல்லும்போது ஒரு ஐயாவுக்கு இன்றும் குரல் அடைக்கிறது. அதற்கு முன்னால் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய எம். சந்திரன். பின்னால், 2010இல் தென்கிழக்காசிய நாடுகளுக்கான ஏஎஃப்எஃப் சுசுகி கோப்பையை மலேசியாவுக்கு வென்று தந்த பயிற்றுநர் கே. ராஜகோபால். இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் புக்கிட் ஜாலில் அரங்கில் இந்தோனேசியாவை 3-0 என்று வீழ்த்திய இரவு, இந்த ஒட்டுக்கடையில் தேநீர் இலவசம் என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்கிறார்.

இவ்வளவு பேரைத் தந்த சமூகத்திலிருந்து இப்போது ஏன் ஆட்டக்காரர்கள் குறைந்துவிட்டார்கள்? ஐயாக்களிடம் கேட்டேன். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு திடல் இருந்தது என்றார்கள். வேலை முடிந்த மாலையில் லயத்து (தோட்டக் குடியிருப்பு) பையன்கள் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள், தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி நடக்கும், பந்து காசு கொடுத்து ஆடும் விஷயமாக இருக்கவில்லை. அப்புறம் தோட்டங்கள் வீட்டுமனைகளாக விற்கப்பட்டன. மிஞ்சிய தோட்டங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள், நம்மவர்கள் தாமான்களுக்கும் (வீட்டுக் குடியிருப்புப் பகுதிகள்) மலிவு அடுக்குமாடிகளுக்கும் சிதறினார்கள். திடலும் போனது. இப்போது பையன்கள் ஃபுட்சால் கூடத்துக்கு மணிக்கணக்கில் வாடகை கட்டி ஆடுகிறார்கள். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் முயற்சியில் வளர்ந்த அணி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019 முதல் நாட்டின் முதல்நிலைப் போட்டியான சூப்பர் லீக்கில் ஆடியது. 2022 பருவத்தோடு அதுவும் விலகிவிட்டது. திறமை குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் அந்தப் பையன்களின் கால்களைத் தொட்டுப் பார்த்தவன்.

ஆம், தொட்டுத்தான். கேரித் தீவுக்குப் போகும் பக்கத்தில் இன்னும் ஒரு பழைய தோட்டத் திடல் மிச்சம் இருக்கிறது. ஊரில் இருக்கும் ஞாயிறுகளில் காலை அங்கே போகிறேன். பாதிப் பேர் காலில் கறுப்பு ரப்பர் ஷூ, இங்கே அடிடாஸ் கம்போங் என்பார்கள், தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் போடுவது. சுளுக்கிய கணுக்காலுக்கு டேப் சுற்றுவேன். ஃபிஃபா 11+ என்ற இருபது நிமிட உடல் சூடேற்றும் பயிற்சியைச் சொல்லித்தருகிறேன். அதை ஒழுங்காகச் செய்கிற அணிகளில் காயங்கள் கணிசமாகக் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, பைசா செலவும் இல்லை. முதலில் அலுத்துக்கொண்டார்கள். இப்போது நான் இல்லாத வாரங்களிலும் அவர்களே செய்கிறார்கள் என்று ஐயாக்கள் சாட்சி சொல்கிறார்கள். தெருவில் எனக்குப் பெயரும் மாறிவிட்டது, 'பிசியோ அண்ணன்' என்கிறார்கள்.

எங்கள் அணியின் இளையோர் பயிற்றுநரை ஒரு ஞாயிறு அங்கே அழைத்துப் போனேன். கெடாவைச் சேர்ந்த மலாய்க்காரர், அதிகம் பேசாதவர். முந்தின நாள் மழையில் திடலின் ஒரு மூலை தண்ணீராக நின்றது. பையன்கள் தண்ணீர் இல்லாத பாதியில் ஆடினார்கள். அவர் ஓரத்தில் நின்று முழு ஆட்டத்தையும் பார்த்துவிட்டு, இரண்டு பேரை 17 வயதுக்குட்பட்டோர் தேர்வுக்கு வரச் சொன்னார். ஒருவன் இடதுகால் ஆட்டக்காரன், இன்னொருவன் கோல்காவலன். கோல்காவலனின் அப்பா லாரி ஓட்டுகிறார். சந்தோஷப்பட்டார், உடனே கேட்டார்: "வாரத்துக்கு மூணு நாள் பயிற்சின்னா அவ்வளவு தூரம் யார் கூட்டிட்டுப் போறது தம்பி?" நியாயமான கேள்வி. இங்கிருந்து பேருந்தில் போனால் பள்ளி முடிந்து பயிற்சிக்கு நேரத்துக்குப் போய்ச்சேர முடியாது. அந்த இடத்தில்தான் பல பையன்களின் காற்பந்து முடிந்துபோகிறது.

ஒட்டுக்கடையில் உட்கார்ந்து பேசினோம். நான் ஊரில் இருக்கும் நாட்களில் என் காரில் வருவார்கள். வெளியூர் ஆட்டம் இருந்தால் மளிகைக்கடை அண்ணனின் வேன், பெட்ரோல் செலவை ஐயாக்கள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அட்டவணை வந்ததும் என் பயண நாட்களைக் கடைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுகிறேன். அடுத்த வாரம் கோத்தா கினபாலு, அதனால் செவ்வாயும் வியாழனும் வேன்.