சாமி சாப்பிட்ட பிறகுதான் தூக்கு திறக்கும்

திருச்செந்தூர் போவதென்றால் முந்தின நாள் மதியமே ஆச்சி புளியை ஊறப்போட்டுவிடுவாள். அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில் அன்று சாயங்காலம் முழுக்கப் புளிக்காய்ச்சல்தான் கொதித்துக்கொண்டிருக்கும். நல்லெண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை இறக்க விடமாட்டாள், கடைசியில் சின்னதாக ஒரு கருப்பட்டித் துண்டைப் போட்டு, வறுத்துப் பொடித்த வெந்தயமும் எள்ளும் தூவி மூடிவைத்தால் தெருவில் போகிறவர்கள் "என்ன, நாளைக்குச் செந்தூரா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். சோறு வடிப்பது ராத்திரி இரண்டு மணிக்கு. அதைப் பெரிய தாம்பாளத்தில் பரப்பி, எண்ணெய் விட்டு, நன்றாக ஆறிய அப்புறம்தான் பிசைவாள். சூட்டோடு கட்டினால் இலை வியர்த்து மதியத்துக்குள் சோறு ஊசிப்போகும். வாழையிலையையும் பச்சையாக மடிக்கக் கூடாது, கிழிந்துவிடும். தணலில் வாட்டினால் பச்சை கறுத்துத் துணி மாதிரி தொய்ந்து வரும், அப்போது எழும்பும் அந்த வாசம் இன்றைக்கு எங்கே வந்தாலும் என் வாய் தானாக "முருகா" என்கிறது.

எத்தனையோ தடவை போயிருக்கிறோம். ஆனால் மனதில் அப்படியே நிற்பது 1986 வைகாசியில் தம்பிக்கு முடி இறக்கிக் காது குத்தப் போனதுதான். எனக்கு அப்போது ஒன்பது வயது. விடியுமுன்னே ரயில் ஏறி, திருநெல்வேலியில் செந்தூர் வண்டிக்கு மாறினோம். அந்தப் பாதை அப்போது மீட்டர் கேஜ், 2008-ல்தான் அகலப்பாதை ஆனது. ஜன்னலோரம் உட்கார்ந்து, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர் என்று தாத்தா நிலையம் வருவதற்கு முன்னாலேயே பெயர் சொல்லிக்கொண்டு வருவார். மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவின இட்லியை ஆளுக்கு இரண்டு கொடுத்துவிட்டு, புளியோதரைத் தூக்கை ஆச்சி தன் காலடியில் வைத்துக்கொண்டாள். அதைத் தொட முடியாது. உச்சிக்காலம் முடியவேண்டும்.

செந்தூரில் உச்சிக்கால பூஜை முடிந்ததும் பால் கலந்த அன்னத்தை மேளதாளத்தோடு எடுத்துக்கொண்டு போய்க் கடலில் கரைப்பார்கள். கங்கை பூஜை என்று பெயர். அந்த அன்னம் கடலில் சேர்ந்தால்தான் சாமி சாப்பிட்டதாக ஆச்சிக்குக் கணக்கு, அதற்கு முன்னால் எங்கள் வீட்டுத் தூக்கு திறக்காது. ஊரிலிருந்து கூட வந்த மற்றவர்கள் தரிசனம் முடிந்த கையோடு மண்டபத்தில் இலையைப் பிரித்துவிடுவார்கள், ஆச்சி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

பதநீருக்கு மட்டும் விலக்கு உண்டு. ரயிலடிக்கு வெளியே பானையோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். பச்சைப் பனையோலையைப் பட்டையாக மடித்து, இரண்டு கையிலும் ஏந்தச் சொல்லி அதில் ஊற்றுவார். நுங்கைக் கட்டைவிரலால் நோண்டி அதிலேயே போட்டுத் தருவார். புளிக்காமல் இருக்கப் பானைக்குள் சுண்ணாம்பு தடவியிருப்பார்கள், அந்த லேசான சுண்ணாம்பு வாசமும் ஓலை வாசமும் சேர்ந்துதான் பதநீர். பட்டை ஓரத்தில் வாய் வைத்தால் பாதி கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கும், அதற்குள் வெயிலும் ஏறிவிடும்.

கோயிலில் எல்லாம் முறைப்படி. தூண்டுகை விநாயகருக்கு முதல் கும்பிடு, கடலில் முழுக்கு, அப்புறம் நாழிக்கிணறு. உப்புக்கடல் பக்கத்திலேயே இருக்க, படியிறங்கிப் போனால் அந்தச் சின்னக் கிணற்றில் ஊறுவது நல்ல தண்ணீர். தலையில் விழும்போதே உடம்பில் பிசுபிசுத்த உப்பு எல்லாம் போய்விடும். தம்பிக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியாயிற்று. மாமா மடியில் உட்கார வைத்துக் காது குத்தியபோது அவன் போட்ட சத்தத்தில் எனக்கும் அழுகை வந்துவிட்டது. தரிசனம் முடிந்து பன்னீர் இலையில் விபூதி வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். அந்த இலையில் இருக்கும் பன்னிரண்டு நரம்பும் முருகனுடைய பன்னிரண்டு கை என்று ஆச்சி ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள்.

பசி தாங்கவில்லை. பெரியவர்கள் தம்பியைச் சமாதானம் செய்துகொண்டிருந்த நேரத்தில் மண்டபத் தூணோரம் இருந்த தூக்கின் மூடியை நெகிழ்த்தி, ஓரத்தில் மடிப்பைப் பிரித்து, ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுவிட்டேன். விழுங்கியதும் பயம் வந்துவிட்டது. சாமி சாப்பிடுவதற்கு முன்னால் சாப்பிட்டுவிட்டேனே, தம்பிக்குக் காது புண்ணாகிவிடுமோ, திரும்பிப் போகும்போது ஏதாவது ஆகிவிடுமோ என்றெல்லாம் நினைத்து, கோயில் பக்கம் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மேளச் சத்தம் கேட்டது. எல்லோரும் எழுந்து கடலைப் பார்த்துக் கும்பிட்டார்கள், நானும் கும்பிட்டு "தெரியாம செஞ்சிட்டேன் முருகா" என்று சொன்னேன். தெரிந்துதான் செய்தேன் என்பது அவருக்கும் தெரியும்.

ஆச்சி இலையைப் பிரித்தாள். ஓரத்தில் பள்ளமாக இருந்த இடத்தைப் பார்த்தாள். என் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள், பெருங்காய வாசம் காட்டிக்கொடுத்துவிட்டது. ஒன்றுமே சொல்லவில்லை. எல்லோருக்கும் வைத்த பிறகு, கடைசியில் அடி இலையில் எண்ணெய் ஊறிக் கிடந்த சோறு இருக்குமே, நிலக்கடலையும் கடலைப்பருப்பும் போய்ச் சேர்ந்திருக்கும் இடம், வழக்கமாகத் தாத்தாவுக்குப் போகும் அந்தப் பங்கை வழித்து என் இலையில் வைத்து, பக்கத்தில் தண்ணீர் விடாமல் அரைத்த தேங்காய்த் துவையலையும் உருட்டி வைத்தாள். "சாப்பிடு. காலையில இருந்து பிள்ள நடந்திருக்கு" என்றாள். காற்றில் பறந்து வந்த மணல் சோற்றோடு நறநறவென்று கடிபட்டது, நான் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

அப்புறம் ஆச்சி சுருக்குப்பையிலிருந்து ஆத்தூர் வெற்றிலையை எடுத்துத் துடைத்து மடிப்பாள், நாங்கள் சில்லுக்கருப்பட்டிக்கு நச்சரிப்போம். சுக்கு மணக்கும் அந்த வட்ட வட்டமான கருப்பட்டியை ஓலைக் கொட்டானில் வாங்கிக்கொண்டு ஏறினால் ஆறுமுகநேரி உப்பளம் தாண்டுவதற்குள் கொட்டான் பாதியாகிவிடும்.

ஆச்சி போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. 2025 ஜூலை 7-ல் செந்தூரில் குடமுழுக்கு ஆன பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு தை மாதத்தில் போனேன். இப்போது கோயிலில் நாள் முழுக்க அன்னதானம் நடக்கிறது, பசியோடு யாரும் திரும்ப வேண்டியதில்லை, அந்த ஏற்பாட்டைப் பார்க்க மனது நிறைந்தது. ஆனாலும் நான் முந்தின நாளே புளி ஊறப்போட்டிருந்தேன். கேஸ் அடுப்பில் இலை வாட்டியபோது இரண்டு இடத்தில் பொசுங்கிவிட்டது, சரி, அதையே உள்பக்கம் மடித்துக் கட்டினேன்.

கடற்கரையில் மேளச் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். மகள் இரண்டு தடவை "இப்ப திறக்கலாமா?" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா, "புளிச்சோறா? வாசம் இங்க வருது" என்றார். பொட்டலம் பிரித்ததும் அவருக்குத்தான் முதலில் வைத்தேன். அவர் தன் பையிலிருந்து அவித்த பனங்கிழங்கு இரண்டை எடுத்து, தோலை உரித்து, இரண்டாக வகுந்து, நடுவில் இருந்த குருத்தைத் தனியாக எடுத்துப் போட்டு மகள் கையில் கொடுத்தார். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்த கிழங்கு. மகள் முதல் தடவையாகச் சாப்பிடுகிறாள், நார் பல்லில் மாட்டிக்கொண்டது, அதை இழுத்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

மிச்சம் இருந்த சோற்றை ரயிலில் சாப்பிட்டோம். அடி இலையில் எண்ணெய் ஊறின பங்கை வழித்து அவளுக்கு வைத்தேன், நாசரேத் வருவதற்குள் இலை காலி.