பழைய ஒர்க்‌ஷாப் இடத்துல வீடு கட்டப் போறீங்களா?

நாகர்கோவில்ல பழைய ஒர்க்‌ஷாப், பேட்டரிக் கடை இருந்த இடமெல்லாம் வீட்டுமனையாகுது. மேல நாலு லோடு செம்மண் அடிச்சா அடியில கிடக்குற ஆயிலும் ஈயமும் எங்கயும் போயிடாது.

ஆயில் மாத்துன குழி, ஆசிட் ஊத்துன மூலை ரெண்டுலயும் 15 செ.மீ., 50 செ.மீ., 1 மீட்டர் ஆழத்துல தனித்தனியா மண் எடுத்து லேப்ல டெஸ்ட்டுக்கு குடுங்க. எல்லாத்தையும் கலந்து ஒரே சாம்பிளா குடுத்தா, கெட்ட மண்ணு நல்ல மண்ணுல மறைஞ்சு ரிசல்ட் குறைச்சலா வரும். இதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. டீசல் வாடை அடிக்குற மண்ணை கண்ணாடி பாட்டில்ல வாய் வரைக்கும் நிரப்பி ஐஸ் பெட்டியில வைங்க. பிளாஸ்டிக் கவர்ல ஆவியா போயிடும்.

டீசல் மண்ணை தார்ப்பாய் மேல குவிச்சு, கொஞ்சம் யூரியா, ஈரம் சேர்த்து கிளறிவிட்டா மாசக்கணக்குல நுண்ணுயிர் தின்னுடும். ஈயம் மக்கவே மக்காது. ஈயம் அதிகமா இருக்குற மண்ணை தோண்டி அபாயக் கழிவா அனுப்பணும்.

நமக்கு ஜூன்லயும் மழை, அக்டோபர்லயும் மழை. பிப்ரவரியிலயே தோண்டி மூடிடுங்க. திறந்த குழியில நிக்குற தண்ணி பக்கத்து வீட்டுக் கிணத்துல இறங்கும்.