ஐந்தாண்டு ரத்தக்கசிவும் ஒரு பரிந்துரைக் கடிதமும்

கீழ்த்தாடையின் கடைவாய்ப்பல் ஆடத் தொடங்கியதும் பதறிப்போய் விடுப்பு எடுத்துக்கொண்டு ஈறு நோய் நிபுணரைப் பார்க்கச் சென்றேன். பலதுறை மருந்தகத்தின் (அரசு நடத்தும் பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் இல்லாவிட்டால் மானியக் கட்டணம் கிடைக்காது என்று முகப்பில் சொன்னார்கள். தொலைபேசியில் முன்பதிவு செய்தபோது அதை ஒருவரும் சொல்லவில்லை. அந்த நாள் வீணானது. கடிதம் பெற்று மீண்டும் நேரம் கிடைப்பதற்குள் பல வாரங்கள் கடந்தன.

அதைவிட என்னை வருத்துவது வேறொன்று. ஐந்து ஆண்டுகளாக வீட்டருகே உள்ள பல் மருந்தகத்தில் பல் சுத்தம் செய்து வந்தேன். ஒவ்வொரு முறையும் ரத்தம் வந்தது. ஒருமுறைகூட ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான ஆழத்தை யாரும் அளக்கவில்லை. நிபுணர் மெல்லிய அளவுகோலை இறக்கிப் பார்த்தபோது, 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 7 இருந்தது.

எக்ஸ்ரேயைக் காட்டி அவர் விளக்கியதை அப்படியே பகிர்கிறேன். காற்றுப் புகாத அந்த இடுக்கில் போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற கிருமிகள் படலமாகப் படிகின்றன. அவற்றின் மேலுறையில் உள்ள நச்சுப்பொருளை உணரும் நம் நோய் எதிர்ப்பு அணுக்கள், இன்டர்லூக்கின் போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரந்து ஈறுகளை வீங்கச் செய்கின்றன. அதனால்தான் தொட்டாலே ரத்தம் கசிகிறது. இந்த அழற்சி ஆண்டுக்கணக்கில் தணியாதபோது ரேங்க்-எல் என்னும் புரதம் மிகுந்து, எலும்பைக் கரைக்கும் அணுக்களைத் தூண்டிவிடுகிறது. என் தாடை எலும்பைக் கரைத்தது பெரும்பாலும் கிருமியை விரட்டத் திரண்ட என் உடலின் படையே என்று கேட்டபோது அதிர்ந்துபோனேன். ரத்தம் வருகிறதே என்று அந்தப் பக்கம் மட்டும் மெதுவாகத் துலக்கி வந்தேன். கிருமிப் படலம் அங்கேயே தடித்திருக்கிறது.

எனக்கு நீரிழிவு உண்டு. கட்டுப்படாத சர்க்கரை ஈறு நோயை முற்றச் செய்யும்; ஈறு அழற்சி சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதையும் கடினமாக்கும். பலதுறை மருந்தகத்தில் ஆண்டுதோறும் கண்ணையும் பாதத்தையும் பரிசோதித்தார்கள். ஈறுகளைப் பற்றி அவர்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. உங்களுக்கு நீரிழிவு இருந்தால் நீங்களாகவே சொல்லுங்கள். பல் சுத்தம் செய்யப் போகும்போது ஆழத்தை அளக்கச் சொல்லி, எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரேயின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். நான் வாங்காததால் மறுபடியும் எடுத்துக் கட்டணம் செலுத்த வேண்டியதாயிற்று.

மரத்துப்போக ஊசி போட்டு வேர்வரை சுத்தம் செய்தது இரண்டு அமர்வுகளில் முடிந்தது. மூன்று மாதம் கழித்து அளந்தபோது 7 என்பது 4 ஆகியிருந்தது. கரைந்த எலும்பு திரும்பவில்லை, ஆனால் பல் நிற்கிறது. பல்லிடைத் தூரிகையில் இப்போது ரத்தம் இல்லை. சென்ற வாரம் என் தம்பியும் துலக்கும்போது ரத்தம் வருவதாகச் சொன்னான். பலதுறை மருந்தகத்தில் அவனுக்கு நானே நேரம் பதிந்துவிட்டேன்.